எக்ஸ்ரே கண்ணும் ஜன்னல் சீட்டும்

பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்த அவருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே. கேலிக்கு வைத்ததுதான், மனுஷன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலைத்தான் பார்ப்பான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே ஜன்னலைப் பார்ப்பவர்களிடம் மட்டும்தான் கேட்பார். எவனாவது ஒருவன் மாட்டிவிட்டால் போதும், "நான் சொன்னேன்ல?" என்று ஒரு வாரத்துக்கு அதையே ஓட்டுவார். நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் ஓசியில் போனார்களோ, கேட்டால்தானே தெரியும்!

இந்த லட்சணத்தில்தான் அவர் மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து நின்றாள். சுருட்டை முடிக்காரன். அவர் பரிசோதிக்கும் வண்டியில்தான் தினமும் வருவான். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வருவான். போதாதா?

"ஃப்ராடு! ஒருநாள் கையும் களவுமா பிடிச்சுக் காட்டுறேன். அப்புறம் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது."

தினமும் கேட்டார். தினமும் டிக்கெட் இருந்தது.

"இருக்குல்லப்பா?" என்றாள் மகள்.

"அதான் எனக்குச் சந்தேகமே! ஒருநாள்கூட மறக்கலைன்னா எவ்வளவு பெரிய கைகாரனா இருக்கணும்!"

அவளுக்கு அழுகை வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. இந்த அப்பாவிடம் ஒருவனை நல்லவன் என்று நிரூபிக்க வழியே இல்லை என்பது புரிந்துபோனது.

மறுநாள் அவளும் அதே வண்டியில் ஏறிச் சுருட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே வழக்கம்போல அவனிடம் மட்டும் கையை நீட்டினார். டிக்கெட் இருந்தது.

"என்னையும் கேளுங்கப்பா."

"உன்னை எதுக்கும்மா?"

"கேளுங்களேன்."

கேட்டார். அவள் கையை விரித்தாள். "எடுக்கலப்பா."

வண்டியே திரும்பிப் பார்த்தது. எக்ஸ்ரேவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. காது மடல் சிவக்கச் சிவக்க, பெற்ற மகளுக்கே அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"அந்தப் பையனை வரச் சொல்லு. டிக்கெட் எடுக்காதவளை எந்த நல்ல குடும்பத்துத் தலையில கட்டுறது? இவளுக்கு அந்த ஃப்ராடுதான் சரி." கொஞ்சம் தெம்பு திரும்பியதும் சேர்த்துக்கொண்டார்: "அவளும் ஜன்னல் பக்கம்தான் பாத்துட்டு இருந்தா. என் கண்ணு தப்புமா?"

உள்ளறையில் மகள், காலையில் எடுத்த டிக்கெட்டைக் கைப்பையிலிருந்து எடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.