விரியனுக்குப் போட்ட பவுடர்

பாம்பு படம் எடுக்கும். நான் பாம்பைப் படம் எடுப்பேன் — அது உங்களுக்கே தெரியும். போன செவ்வாய்க்கிழமை எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், அதான் வேர்க்கடலை வயலில், ஒரு கண்ணாடி விரியனை இரண்டு முழத் தூரத்தில் எடுத்துவிட்டேன்!

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வாராவாரம் பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதுகிறவள் மருமகள் செல்வி. இந்த வாரம் எழுதுவது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண்ணின் அக்கா. செல்வி படுத்திருக்கிறாள்.

கிட்டப் போய் எடுத்தால் படம் எப்போதும் சொரசொரவென்றுதான் விழும். அதற்கு வழி கண்டுபிடித்திருந்தேன். கல்யாண போட்டோவில் என் முகச் சுருக்கத்தைப் பேத்தி விரலால் தேய்த்தே காணாமல் அடித்தாளே, அந்த பியூட்டி ஆப். விரியன் செடிக்குள் நுழைந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து அதன் போட்டோவைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க என்ன பளபளப்பு...

பாம்பு இருக்கிறது என்று ஒரு குரல் கொடுத்தேனா? இல்லை. செல்வி அந்தப் பக்கமாகவே மல்லாட்டை பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

திண்டிவனத்தில் நர்ஸ் கேட்டார். "இன்னா ஆயா கடிச்சிது?"

"பூச்சிம்மா."

கடிபட்டவர் எதிரில் பேரைச் சொன்னால் விஷம் ஏறும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"பூச்சின்னா... தேளா, பூரானா?"

வாயைத் திறக்காமல் போனை நீட்டினேன். விரியன் முதுகில் சங்கிலி மாதிரி இருந்த வட்டங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் தேய்த்திருந்தேன்.

"இது தண்ணி பாய்ச்சற பைப்பு ஆயா."

செல்விதான் முனகினாள். "அத்தே, பாம்புன்னு சொல்லித் தொலைங்க."

பிறகுதான் சொன்னேன். ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் வைத்தார்கள். உறையவே இல்லை. விரியன்தான் என்று ஊசி போட்டு, விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது செல்வி கேட்டாள். "மல்லாட்டைய வாரி வச்சீங்களா? மானம் இருட்டிக்கினு வருது."

ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பாம்பைப் பார்த்தால் தள்ளி நின்று முதலில் கத்துங்கள். போட்டோ அழகாக இல்லாவிட்டால் போகிறது.

கிட்னி அடிவாங்கியிருக்கிறதாம். மூத்திரம் இறங்கினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். கட்டிலில் தொங்கும் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாகக் காலி.

சாமியிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறேன்... மூத்திரம் கேட்பது இதுதான் முதல் தடவை.