இயங்கும் நிலையில்: இருபது

என் மேசை இழுப்பறையில் பாதி ரப்பர் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிப்பார்களே, அந்தச் சாதாரண வெள்ளை ரப்பர்தான். ஒரு பக்கம் பிளேடால் வெட்டிய தடம் நேராகத் தெரியும். மற்ற பக்கங்கள் கறுத்துத் தேய்ந்துவிட்டன. கணினி ஆசிரியனின் மேசையில் ரப்பருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொடைக்கானலுக்கும் மேலே, எங்கள் மேல்மலைக்கு வந்து பார்க்க வேண்டும். வருடத்தில் பாதி நாள் மூடுபனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரம் ஏறிய கணினி, திரையில் எதுவும் காட்டாமல் நீள நீளமாகக் கத்தும். மூடியைக் கழற்றி, ராம் என்று நாங்கள் சொல்லும் சின்னப் பட்டையை உருவி, அதன் ஓரத்துப் பொன்னிறப் பற்களை ரப்பரால் பத்துத் தடவை தேய்த்து மறுபடி செருகினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். இதை எனக்கு எந்தப் பணியிடைப் பயிற்சியும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தவரிடம்தான் ரப்பரின் மறுபாதி இருக்கிறது.

பயிற்சிக்குப் போனால் எங்களுக்குப் பெயர் கிடையாது. எந்த ஊர்ப் பள்ளியோ அந்த ஊரே பெயர். நான் மேல்மலை சார். அவர் கீழ்மலை டீச்சர். காபித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவில், ஒரு நாளைக்கு மூன்று தடவை பேருந்து போகும் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் நடத்திக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, எப்போதும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். அடிவாரத்துச் சூட்டிலும் அதைக் கழற்ற மாட்டார். அவர் இறந்துவிடவில்லை, ஓய்வும் பெறவில்லை. ஆகவே இதை அஞ்சலி என்று நினைத்து யாரும் கண்ணைத் துடைக்க வேண்டாம். நான் செய்த ஒரு காரியத்தையும், அவர் செய்ய மறுத்த அதே காரியத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பாடநூல் மாறிய வருடம் அது. காலமெல்லாம் சி பிளஸ் பிளஸ் நடத்திப் பழகியவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்ற வேறொரு கணினி மொழி வந்துவிட்டது. அடிவாரத்து ஊர் ஒன்றில், இரண்டு கட்டமாக, கட்டத்துக்கு மூன்று நாள் பயிற்சி என்று உத்தரவு வந்தது. நாற்பது பேர் போனோம். கூடத்தில் நாற்பது நாற்காலிகள், ஒரு திரை, ஒரு மடிக்கணினி. எங்கள் கைகளுக்கு ஒரு கணினியும் இல்லை. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதைப்போல மூன்று நாள் நடந்தது. பயிற்சி நடத்தும் கருத்தாளராக நின்றவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் எங்களைப்போல ஓர் ஆசிரியர்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் அவருக்குத் தகவல் போயிருந்தது. திரையில் வந்ததை வாசித்தார்; நாங்கள் எழுதிக்கொண்டோம்.

ஆளுக்கொரு கையேடும் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் கீழ்மலை டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “இதுல இருக்கிற ப்ரோகிராம ஓட்டிப் பாத்திருக்கீங்களா சார்?” கருத்தாளர் சிரித்தார். “அச்சடிச்சு வந்திருக்கு டீச்சர், ஓடாமயா போகும்?” என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மாலை பின்னூட்டப் படிவம் வந்தது. அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவர் முதலில் நிரப்புவார். அது மாதிரிப் படிவம். அதை வரிசை வரிசையாகக் கைமாற்றி எல்லாரும் பார்த்து எழுதிவிடுவார்கள். யாருக்கும் இதில் கெட்ட எண்ணம் இல்லை. பேருந்தைப் பிடிக்க வேண்டும், அவ்வளவே. எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது மாவட்டத்துக்கே தெரியும். பயிற்சி எப்படி இருந்தது? மிகவும் பயனுள்ளதாக இருந்தது. புரிந்ததா? முழுமையாகப் புரிந்தது. பள்ளிக்கு வழங்கப்பட்ட கணினிகள் எத்தனை? ஒரே திட்டத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் இருபதுதான் வந்திருந்தன. இருபது என்று எழுதினேன். இயங்கும் நிலையில் இருப்பவை எத்தனை?

என் பள்ளியில் நான்கு ஓடிக்கொண்டிருந்தன. நான்கு என்று எழுதினால் மீதிப் பதினாறுக்குக் காரணம் எழுத வேண்டும், புகார்க் கடிதங்களின் நகலை இணைக்க வேண்டும். மேல்மலைக்குக் கடைசிப் பேருந்து நிற்காது. இருபது என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் பதினாறு கணினிகளை மறைத்தேன். அரை மணி நேரத்தில் அந்தக் கூடத்தில் இருந்த பள்ளிகளில் எல்லாம், தாளில், இருபது கணினிகள் ஓடின. ஒரு பள்ளியைத் தவிர.

கீழ்மலை டீச்சர் மாதிரிப் படிவத்தை வாங்கிப் பார்த்தார், பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்தார், குனிந்து தன் பாட்டுக்கு எழுதினார். புரிந்ததா என்ற கேள்விக்கு எதிரே, ‘புரியவில்லை.’ இயங்கும் நிலையில், ‘ஒன்று.’ ஊரோடு ஒத்துப் போகக் கூடாதா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அந்த அம்மா நிமிரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதிய இடைவேளையில் என்னைக் கைபேசியில் அழைத்தார். அவருக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்திருந்தது. ஏனைய பள்ளிகளில் எல்லாக் கணினிகளும் இயங்கும்போது தங்கள் பள்ளியில் மட்டும் பத்தொன்பது பழுதானது எவ்வாறு, அரசுப் பொருளைப் பராமரிக்கத் தவறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கூடவே இன்னொரு தகவலும் சொன்னார். பழைய கணினிகளுக்குப் பதில் புதியவை கொடுக்கும் பட்டியல் தயாராகிறதாம்; தேவை இல்லை என்று எங்கள் வட்டாரமே அதில் விடுபட்டுவிட்டதாம். திட்டப்போகிறார் என்று நினைத்துக் காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் கேட்டது வேறு.

“ஒங்களுக்கும் எங்களுக்கும் ஒரே பனிதான சார். ஒங்க பள்ளிக்கூடத்துல இருபதும் ஓடுதாமே, எப்புடி ஓட வைக்கிறீங்க? எனக்குச் சொல்லிக் குடுங்க. செய்முறைத் தேர்வு வரப்போகுது, பிள்ளைக ஒத்தக் கணினிய வச்சிக்கிட்டு முழிக்கிதுக. சனிக்கிழம வெள்ளனே பஸ் ஏறி வந்திர்றேன்.”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். நாங்கள் எழுதியதை அவர் நம்பியிருந்தார். தன்னைத் தவிர எல்லாருக்கும் ஏதோ வித்தை தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்திருந்தார். பதினெட்டு வருடம் ஆசிரியர் வேலை பார்த்தவன் நான். அந்த மதியம்போல ஒருநாளும் கூசிப்போனதில்லை. கையில் இருந்த சோற்று உருண்டையை டப்பாவில் திரும்ப வைத்தேன்.

“ஓடல டீச்சர். எனக்கு நாலுதான் ஓடுது,” என்றேன்.

அந்தப் பக்கம் பள்ளி மணி அடித்தது.

“அப்ப அத ஆபீசுல சொல்லுங்க சார்,” என்றார்.

“பாப்போம் டீச்சர்.”

“நீங்க பாக்குறதுக்குள்ள எம் பிள்ளைக பரிச்சையே முடிஞ்சிரும்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டாம் கட்டப் பயிற்சியின் முதல் நாள் காலை ஓர் அதிகாரி தொடங்கிவைக்க வந்திருந்தார். முன்வரிசையில் பூங்கொத்து, தண்ணீர்ப் புட்டி எல்லாம் இருந்தன. ஏதேனும் கேள்வி உண்டா என்று அவர் கேட்டது மரியாதைக்குத்தான். கீழ்மலை டீச்சர் எழுந்து நின்றார். கையில் கையேடு.

“இதுல ஒரு ப்ரோகிராம்கூட ஓடலங்க. ஒவ்வொண்ணா எங்கிட்ட இருக்கிற ஒத்தக் கணினியில போட்டுப் பாத்தேன். பைத்தான்ல எந்த வரி எதுக்குள்ள அடங்கும்னு வரிக்கு முன்னால விடுற எடவெளிதாங்க சொல்லும். டைப் அடிச்சவங்க அழகா இருக்கட்டும்னு எல்லா வரியையும் ஓரத்துல ஒட்ட வச்சிட்டாங்க. நாங்க நாப்பது பேரும் அதப் பாத்து அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டோம். முழுமையாப் புரிஞ்சதுன்னு படிவத்துல கையெழுத்தும் விழுந்திருக்கு.”

கருத்தாளர் தன் கையேட்டைப் புரட்டினார். நானும் புரட்டினேன். சி பிளஸ் பிளஸில் வரியை எங்கே தொடங்கினாலும் ஓடும். அந்தப் பழக்கத்தில் எங்கள் ஒருவர் கண்ணுக்கும் இது படவில்லை. மூன்று நாள் எங்கள் மடியிலேயே கிடந்த தப்பு அது. ஓட்டிப் பார்த்தவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. “குறிப்பாணை வந்தது உங்களுக்குத்தானே? மற்ற பள்ளிகளில் எல்லாம் சரியாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் ஏம்மா எல்லாமே பிரச்சினை?” என்றார்.

டீச்சர் திரும்பி எங்களைப் பார்த்தார். என்னை மட்டும் அல்ல, எல்லாரையும். அவர் நின்றுகொண்டிருக்க, நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பேனா மூடி உருண்டு போகும் நேரம்தான் இருக்கும். எனக்கு அது ஒரு பாடவேளை அளவுக்கு நீண்டது. எழுந்தேன்.

“மாதிரிப் படிவம் எழுதுனது நாந்தாங்க. இருபதுன்னு எழுதுனது பொய். எங்க பள்ளிக்கூடத்துல நாலுதாங்க ஓடுது.”

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. “எனக்கு ஆறுங்க,” என்றார் ஒருவர். “எங்களுக்கு மூணு,” என்றார் ஒரு டீச்சர். “பத்து ஓடிச்சு, இடி விழுந்ததுல இப்ப ஒண்ணுமில்லங்க.” ஒவ்வொருவராக எழுந்து தங்கள் எண்ணைச் சொன்னார்கள். எல்லாரும் எழவில்லை, பாதிப் பேர்தான். ஆனாலும் அந்தக் கூடத்தில் அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் பயிற்சி என்று ஒன்றைப் பார்த்தேன். அதிகாரி பூங்கொத்தை விட்டுவிட்டுப் போனார். மறுவாரம் எனக்கும் ஒரு குறிப்பாணை வந்தது. சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தேன்.

அடுத்த நான்கைந்து சனிக்கிழமைகள் எங்களில் எட்டுப் பேர், யாரும் உத்தரவு போடாமல், வருகைப் பதிவேடும் தேநீர் வடையும் இல்லாமல், கீழ்மலைக்குப் பேருந்து ஏறிப் போனோம். அதற்குள் டீச்சர் வத்தலக்குண்டில் ஒரு கைபேசி பழுது பார்க்கும் கடையில் விசாரித்து, ரப்பர் வைத்தியத்தைக் கற்றுவந்திருந்தார். ஒன்று ஓடிய இடத்தில் ஏழு ஓடின. எட்டுப் பேரும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு ராம் பட்டைகளைத் தேய்த்தோம். வரிக்கு முன்னால் இடம் விட்டு விட்டுப் பைத்தானை முதலிலிருந்து எழுதினோம். அவர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். உள்ளே வரும் ஆள் முதலில் தனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். “தெரிஞ்சதச் சொல்றதுக்கு மேடை கெடக்கு. இங்க தெரியாததச் சொல்லுங்க,” என்பார்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு எதுவும் தெரியாது என்று எழுதுகிறவர்களை நான் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நல்லது. தெரியாது என்று சொல்வதற்கு எந்தப் படிவத்தில் எங்களுக்கு இடம் விட்டீர்கள்? சொன்ன ஒருவருக்கு என்ன கொடுத்தீர்கள்? எனக்குத் தெரிந்த பதில் இதுதான். கணக்கெடுப்பு மறுபடி நடந்தது, எங்கள் வட்டாரம் பட்டியலில் சேர்ந்தது, அவருடைய பிள்ளைகள் அந்த ஏழு கணினிகளிலேயே செய்முறைத் தேர்வை எழுதித் தேறினார்கள். தேர்வு முடிந்த மாதம் அவரை ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ ஒரு கடலோர மாவட்டத்துக்கு மாற்றினார்கள். காரணம் என்னவென்று எனக்குத் தெரியும்; நிரூபிக்க முடியாது. புதிய கணினிகள் கீழ்மலைக்கு வந்து இறங்கியபோது அவர் அங்கே இல்லை.

கிளம்பிய அன்று வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் என்னை நிறுத்தி, கைப்பையிலிருந்து ரப்பரையும் பிளேடையும் எடுத்தார். பெட்டியின் மேல் வைத்து நேராக வெட்டி, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். “வெரசா தீந்துரும் சார், சிக்கனமாத் தேயிங்க,” என்றார். அழுகை எனக்குத்தான் வந்தது. இப்போதும் எப்போதாவது அழைப்பார். “இங்க உப்புக்காத்து சார். பனியே தேவல,” என்று சொல்லிவிட்டு, நேற்று என்ன தெரியாமல் போனது என்று கேட்பார்.

சென்ற மாதம் எங்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி நடந்தது. கூடம் மாறிவிட்டது, திரை பெரிதாகிவிட்டது. கையேடு கைபேசிக்கே வந்துவிட்டது. கடைசியில் பின்னூட்டமும் கைபேசியில்தான். படிவம் திறந்த இரண்டாவது நிமிடம், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ நிரப்பி முடித்த திரையைப் படம் பிடித்துப் போட்டார்கள். இப்படியே போடவும் என்று கீழே ஒரு வரி. எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து. இயங்கும் கணினிகள், இருபது. நான் பள்ளியை விட்டுக் கிளம்பும்போது எண்ணிவிட்டு வந்திருந்தேன். பதினொன்று என்று போட்டேன். புரிந்ததா என்ற இடத்தில், பாதி புரியவில்லை என்று எழுதி, எந்தப் பாதி என்பதையும் எழுதினேன்.

மறுநாள் காலை பனி கொஞ்சம் விலகியிருந்தது. வழிபாட்டு மணிக்கு முன்னால் ஆய்வகத்தைத் திறந்து, கத்திக்கொண்டே இருக்கும் ஓரத்துக் கணினியின் மூடியைக் கழற்றினேன். இழுப்பறையிலிருந்து பாதி ரப்பரை எடுத்துப் பட்டையைத் தேய்த்துச் செருகினேன். கத்தல் நின்று ஒரே ஒரு குட்டிச் சத்தம், திரையில் வெளிச்சம் வந்தது. உடனே அலுவலகத்துக்கு அழைத்து, நேற்று அனுப்பிய எண்ணைத் திருத்த வேண்டும் என்றேன்.

“மத்தவங்க எல்லாம் இருபதுன்னு போட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் பதினொண்ணு. இருபதுன்னு மாத்திரலாங்களா சார்?” என்றார் அங்கே இருந்தவர்.

“இல்லங்க,” என்றேன். “பன்னெண்டு.”