இரவல் பெட்டி

அந்த வீட்டில் ஸ்பேனர் பெட்டிகள் இரண்டு இருந்தன. பச்சைப் பெட்டி அலமாரிக்குள் பூட்டில் இருக்கும். மஞ்சள் பெட்டி மாடிப்படிக்குக் கீழே, பழைய செருப்புகளோடு கிடக்கும். பச்சையைத் திறந்தால் ஸ்பேனர்களும், நட்டின் தலையை மூடிக் கவ்வுகிற சாக்கெட்டுகளும் கறுப்பு மெத்தையில் அளவு வரிசையில் படுத்திருக்கும். மஞ்சளைத் திறக்கிற சிரமமே இல்லை, அதன் மூடி என்றைக்கோ உடைந்துபோயிற்று.

இரண்டுக்கும் சொந்தக்காரர் மருந்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவர். வேலை என்னவோ கணக்கு, பேச்செல்லாம் ஸ்பேனர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், அவருடைய சிநேகிதரான கண்ணாடிக் கடைக்காரர் வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேரும் போட்டுக்கொள்ளும் சண்டைக்கு வீட்டுக்காரரின் மனைவி டீ போட்டுக் கொடுத்தே ஓய்ந்துபோனாள்.

"வீட்டுல எப்பவோ ஒரு தடவை நட்டு கழட்டறவனுக்கு எதுக்குங்க அவ்வளவு விலையில சாமான்?" என்பார் கண்ணாடிக் கடைக்காரர். "மலிவா ஒரு செட்டு வாங்கு. ஒடஞ்சா தூக்கிப் போடு. இன்னொண்ணு வாங்கு."

"ஸ்பேனர் மட்டும் ஒடஞ்சா பரவாயில்லையே! போற போக்குல நட்டோட மூலையையும் மழுக்கிட்டுல்ல போகுது. அப்புறம் அந்த நட்டை ஒங்க தாத்தாவா வந்து கழட்டுவாரு?" என்று இவர் எகிறுவார்.

இப்படியே மத்தியானம்வரை ஓடும். இருவரில் ஒருவர் கையிலும் பொட்டு எண்ணெய் பட்டிருக்காது. வாசலில் நிற்கும் காரின் முன்மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு மூடிவிடுவார்கள். 'இதற்கு எதற்கையா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் டம்ளரை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விடுவாள்.

மஞ்சள் பெட்டி வந்த கதை வேறு. தெருவில் எவனோ ஒருவன் இவருடைய நல்ல கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டு போய், தார் அப்பித் திருப்பிக் கொடுத்தான். அன்றைக்கு இவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மறுநாளே நடைபாதைக் கடையில் இருப்பதிலேயே மட்டமான செட்டாகப் பார்த்து வாங்கி வந்து படிக்குக் கீழே வைத்தார். அதற்கப்புறம் யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்: "படிக்குக் கீழ இருக்கு, எடுத்துக்குங்க."

அவளும் கேட்டாள். கல்யாணமான புதிதில் குழாய் ஒழுகியது, ஸ்பேனர் எங்கே என்றாள். "படிக்குக் கீழ இருக்கு பாரு" என்றார். அன்றிலிருந்து வீட்டில் எது ஆடினாலும், எது கழன்றாலும் அவள் கை நேராக மஞ்சள் பெட்டிக்குத்தான் போகும். வைத்து முறுக்கினால் ஸ்பேனர் வாயைப் பிளந்துகொண்டு வழுக்கும், நட்டின் மூலை மழுங்கும், விரல் போய் எதிலாவது இடிக்கும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். பிறகு, "ஒனக்குக் கை வராதும்மா, விடு. ஆளக் கூப்பிட்டுக்கலாம்" என்பார். விருந்தாளிகள் வந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், "இவ கை பட்டா இரும்புகூட வெண்ணெயாயிடும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பிவிட்டாள். நட்டைத் தொடுவதற்கு முன்பே உள்ளங்கை வியர்க்கிற அளவுக்கு நம்பிவிட்டாள்.

அவள் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர். அங்கே தையல் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"மெஷின் பாத்துக்கற வேலையையும் நீயே எடுத்துக்கறியாம்மா? எந்த மெஷின் எப்படிச் சத்தம் போடுதுன்னு ஒனக்குத்தான் அத்துப்படி. கழட்டி மாட்டறதைப் பழகிக்கலாம்."

அவளுக்கு அப்படியே பறக்க வேண்டும்போல் இருந்தது. மெஷினின் அடிவயிற்றைத் திறந்து, எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்ப்பதில் அவளுக்கு இருந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு. "எனக்குக் கை வராதுங்க சார்" என்றாள்.

"திங்கட்கிழமை சொல்லு. இல்லேன்னா வெளியாளப் பாத்துடுவேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை முழுக்க அந்த நினைப்பு அவளை அரித்துத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். டவுனில் ஒரு கடையில், சாக்கெட்டை மாட்டித் திருகுகிற ராட்செட் கைப்பிடி புதிதாக வந்திருக்கிறதாம். அதைப் பார்த்தே ஆகவேண்டுமென்று இரண்டு பேரும் தலைகால் புரியாமல் கிளம்பினார்கள். போன அவசரத்தில் அலமாரிச் சாவி பூட்டிலேயே தொங்கியது.

அவளுடைய ஸ்கூட்டர் பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பின்சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூவை மாற்ற வேண்டும். அதற்கு முதலில் சைலன்சரைக் கழற்ற வேண்டும். இதை மட்டும் செய்துவிட்டால் திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிடலாம், முடியாவிட்டால் அத்தோடு அந்த ஆசையைத் தலைமுழுகிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு, மஞ்சள் பெட்டியோடு முற்றத்தில் உட்கார்ந்தாள்.

முதல் போல்ட்டிலேயே ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. மூச்சைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். கை சைலன்சரில் உரசி, விரல் முட்டிகளில் தோல் பிய்ந்து ரத்தம் கசிந்தது. போல்ட்டின் மூலைகளில் பாதி காணாமல் போயிருந்தன. 'சனியனே!' என்று ஸ்பேனரை விட்டெறிந்தாள். யார் மேல் இந்தக் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. தன் கை மேல்தான் என்று நினைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துண்டு எடுக்கப் போனபோதுதான் அலமாரிச் சாவி கண்ணில் பட்டது. வருவது வரட்டும் என்று பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ராட்செட்டில் அந்த அளவு சாக்கெட்டை மாட்டி, பாதி மழுங்கிப்போன அதே போல்ட்டின் தலையில் வைத்தாள். அது கப்பென்று கவ்விக்கொண்டது. லேசாகத்தான் அழுத்தினாள். 'டக்'கென்று ஒரு சத்தம். போல்ட் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அவளால் நம்ப முடியவில்லை. திரும்ப முறுக்கினாள், திரும்பக் கழற்றினாள். அதே போல்ட், அதே கை. மிச்சம் இருந்த போல்ட்டும் மறுபேச்சில்லாமல் வந்தது. சைலன்சர் கழன்று அவள் மடியில் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். தரையில் திறந்து கிடந்த பச்சைப் பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு உயிரே போய்விட்டது. "ஐயையோ!" என்று ஓடிவந்து, அவள் கையிலிருந்த ராட்செட்டை வெடுக்கென்று பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எதுக்கு எடுத்த? அதான் படிக்குக் கீழ ஒண்ணு இருக்கே!"

"அது வழுக்குதுங்க."

"வழுக்கத்தான் செய்யும். போறவன் வர்றவனுக்கெல்லாம் இரவல் கொடுக்கறதுக்கு வாங்கினது, பின்ன எப்படி இருக்கும்?"

சொல்லி முடித்த பிறகும், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. ராட்செட்டின் கைப்பிடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வழுக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியாம என்ன? அதுக்கு வாய் சரியா பிடிக்காது. மட்டமான இரும்பு."

"அப்ப எனக்குக் கை வராதுன்னு ஏன் சொன்னீங்க?"

கண்ணாடிக் கடைக்காரர், "நான் அப்புறமா வர்றேன்" என்று முணுமுணுத்துவிட்டு நழுவினார். அவள் கணவருக்கு நழுவ வழி இல்லை.

"அது... சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது. அதைப் போய்ப் பெரிசு பண்ணுவாங்களா?"

தெரியாமல் செய்திருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மட்டமான ஸ்பேனர் நட்டை எப்படி மழுக்கும் என்று வாராவாரம் கண்ணாடிக் கடைக்காரருக்குப் பாடம் எடுத்தவர், தன் பெண்டாட்டி கையில் அதையே கொடுத்துவிட்டு, குற்றத்தைக் கையின் மேல் போட்டிருக்கிறார். இத்தனை வருஷமும் அந்தப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டே டீ ஆற்றிய தன்னையும் அவளுக்கு நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது.

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, கோவப்படாத. இனிமே வேணும்னா இதுலேருந்தே எடுத்துக்கோ. எடுத்தா தொடச்சி, வரிசை மாறாம வச்சுடணும், அவ்வளவுதான்."

"வேண்டாங்க. இந்தச் சக்கரத்தோட சரி. இனிமே எனக்கு இரவல் வேண்டாம்" என்றாள்.

திங்கட்கிழமைவரை அவளால் பொறுக்க முடியவில்லை. அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டாள்.

"நான் எடுத்துக்கறேன் சார், அந்த வேலையை."

"கை வராதுன்னியேம்மா?"

"யாரோ சொன்னதை நம்பிட்டேன் சார். ஆனா ஒண்ணு, எனக்குன்னு ஒரு ஸ்பேனர் செட்டு வேணும். கடைக்கு நானே வந்து பாத்து எடுப்பேன்."

"அதுக்கென்ன அவசரம்? ஸ்டோர் ரூம்ல மலிவுல வாங்கின செட்டு ஒண்ணு சும்மாதானே கிடக்கு?"

"அதை யாராவது கேட்டா கொடுங்க சார். எனக்கு வேண்டாம்."

அவள் போனை வைத்தாள். ராட்செட்டை மெத்தையில் அதன் பள்ளத்தில் படுக்க வைத்துவிட்டு, பெட்டியை மூடப்போன அவர் அப்போதுதான் நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார்.

"அடடே, என்ன கையில ரத்தம்?"

அவள் முற்றத்துக் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டு, பெட்டியிலிருந்து ராட்செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தாள்.