விழுந்தது அக்காவின் தவறல்ல

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்காவது மனதில் ஒரு கேள்வி இருக்கும். "அந்த வண்டியாலதானே போச்சு?" என்று கருமாதிப் பந்தலிலேயே என் காதுபடக் கேட்டவர்கள் நீங்கள். அன்று மொட்டைத் தலையோடு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இன்று, ஓராண்டு நிறைவில், பதில் எழுதுகிறேன். படிக்க மனமில்லாதவர்கள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அக்கா சிங்கவரத்தில் நைனாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிற்று. செஞ்சிக்கு டவுன் பஸ்ஸில் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தார். படியேற யாராவது கை நீட்டினால், பையை மட்டும் அந்தக் கையில் கொடுத்துவிட்டுத் தானே ஏறுவார். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பொண்ண கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க" என்றார்கள். அக்கா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளைய மொதல்ல ஓடிக் காட்டச் சொல்லுங்க" என்றார். அதோடு கல்யாணப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

நைனா போன பிறகு ஏரிக்கரைக்கு அப்பால் இருக்கும் இரண்டு ஏக்கர் கொல்லையை அக்காதான் பார்த்தார். நான் செஞ்சியில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். மண்வெட்டி பிடித்தால் மறுநாள் லீவு போடுகிற ஆள். மல்லாட்டைக் கடலை போட்டதும், பிடுங்கியதும், மூட்டை கட்டியதும் அவர்தான். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. வரப்பு ஓரத்தில் போனால் மாட்டிக்கொள்ளும். மழை பெய்தால் அதுவும் இல்லை.

அப்போதுதான் அந்த நாலு சக்கர பைக் கண்ணில் பட்டது. ஏதோ ஒரு கடற்கரை விடுதியில் சுற்றுலா வந்தவர்களை மணலில் சுமந்து ஓய்ந்துபோய், திண்டிவனம் சாலையில் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. தடித்த டயர்கள், தானாக மாறும் கியர். இடது காலுக்கு அதில் வேலையே கிடையாது. அக்கா ஒரு முறை சுற்றிப் பார்த்தார், வாங்கிவிட்டார். அம்மாவின் அண்ணனான எங்கள் பெரிய மாமா வாசலில் நின்று கத்தினார்: "பொம்பளைக்கு இன்னாத்துக்குடா இது? காயலான் கடையில கெடந்தத இஸ்துகினு வந்து வெச்சிக்கினு!" அக்கா, "தார் ரோட்டுக்கு ஏத்த மாட்டேன் மாமா, அதுக்கு அனுமதி இல்ல. கொல்லைக்குப் போவ யாரும் என்னத் தடுக்க முடியாது" என்றார். அந்தச் சொல்லைக் கடைசி வரை காப்பாற்றினார்.

வண்டி வந்தபோது முன் விளக்கு இரண்டும் எரியவில்லை. கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் விடியற்காலை நான்கு மணிக்கு வரும் என்பதால் விளக்கில்லாமல் கொல்லைக்குப் போக முடியாது. நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பில் பல்பை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். "பல்பு மேல பழி போடாதடா. ஒயர புடிச்சிகினே போ" என்றார் அக்கா. அவரே பிடித்துக்கொண்டு போனார். காயலான் கடையிலேயே ஏதோ ஓர் எலி ஒயரை இரண்டு இடத்தில் ருசி பார்த்திருந்தது. எர்த் ஒயர் சட்டத்தில் சேரும் இடம் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, நட்டை முறுக்கி, மஞ்சள் பூத்த கண்ணாடியைப் பல்பொடியால் தேய்த்துக் கழுவினார். விளக்கு எரிந்தது. அன்று அவர் முகத்தில் இருந்த திமிரை நான் மிகவும் ரசித்தேன்.

இனி விழுந்த கதைக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டியைக் கழுவியவன் நான். எங்கள் வீட்டில் அன்று அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து எல்லாவற்றையும் கழுவிக் கடலை எண்ணெய் தடவி வைப்போம். வண்டியும் ஆயுதம்தானே என்று, பின் அச்சில் இருந்த வட்டத் தகட்டையும் பளபளவென்று வரும்வரை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். அது பிரேக் தகடு. பூஜை முடிந்த மறுநாள் காலை ஏரிக்கரைச் சரிவில் அக்கா பிரேக்கை மிதித்தார். பிடிக்கவில்லை. வண்டி கரையிலிருந்து உருண்டு கழனியில் விழுந்தது. அக்காவுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றி நின்று, "காலு சரியில்லாதவ, ஓட்டத் தெரியாம ஓட்டிட்டா" என்று பேசினார்கள். "பிரேக்கு புடிக்கல மாமா" என்று அக்கா ஒரே ஒரு முறை சொன்னார். யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், நானும் நம்பவில்லை.

கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்பியதும் அக்கா முதலில் செய்த வேலை, முக்காலி போட்டு வண்டியருகே உட்கார்ந்ததுதான். அவர் சொல்லச் சொல்ல நான் பின் பிரேக்கைக் கழற்றினேன். பிரேக் கட்டைகளைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார்.

"இன்னாடா, கடலெண்ண வாசன வருது?"

"நான்தான்க்கா துடைச்சேன். பூசைக்கு..."

அக்கா கட்டிய கை வலிக்க வலிக்கச் சிரித்தார். "நல்லவேள, தாளிக்காம வுட்டியே!"

"மாமாகிட்ட சொல்லிடட்டுமா?"

"அவரு நம்பறதுக்கா நான் வண்டி ஓட்றேன்? ஸ்பேனர எடு."

அந்த வார்த்தையில் நான் ஒளிந்துகொண்டேன். அக்காவே வேண்டாம் என்றாரே என்று சொல்லிக்கொண்டு இத்தனை நாள் வாய் மூடியிருந்தேன். அவருக்குத் தேவைப்படவில்லை, எனக்குத்தான் வசதியாக இருந்தது.

எண்ணெய் ஊறிய கட்டையைப் பெட்ரோலில் கழுவினாலும் பயனில்லை என்று அக்கா தூக்கிப் போட்டார். அந்த வண்டிக்கான கட்டை செஞ்சியில் கிடைக்காது. பட்டறை பாஷா பாய் வேறொரு பைக்கின் கட்டையைத் தேடிக் கொடுத்தார். ஓரத்தை அரத்தால் ராவிப் பொருத்தினோம். பிரேக் ஆயில் கறுத்திருந்தது. நான் மிதிக்க, அக்கா ஒற்றைக் கையால் திருகைத் தளர்த்த, காற்றுக் குமிழி நிற்கும்வரை பழையதை வெளியேற்றினோம். விழுந்ததில் உடைந்த வலப்பக்க விளக்குக்குப் பதிலாகப் பழைய மொபெட் விளக்கு ஒன்றைப் பொருத்தினோம். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. அக்காவுக்கு அது பிடித்திருந்தது.

எலும்பு கூடிய பிறகு, அதே ஏரிக்கரை, அதே சரிவு. மாமா ஆள் திரட்டிக்கொண்டு தடுக்க வந்து நின்றார். அக்கா மேலிருந்து இறங்கி, நட்ட நடுச் சரிவில் மிதித்தார். வண்டி அசையாமல் நின்றது. "இன்னும் பக்கத்துல வந்து பாருங்க மாமா" என்றார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்தப் போகம் முழுவதும் அக்கா அந்த வண்டியில்தான் கொல்லைக்குப் போனார். மல்லாட்டை பிடுங்கி, காய வைத்து, மூட்டை கட்டி முடித்த வாரத்தில், வீட்டில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு வலி வந்தது. ஆட்டோவில் மருத்துவமனை போகும் வழியில் என் மடியில் அடங்கிவிட்டார். மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னார். வண்டி அப்போது பேட்டரி கழற்றிய நிலையில் கொட்டகையில் நின்றிருந்தது.

கழனியில் கிடந்த அக்காவைத் தூக்கி வந்த பக்கத்துக் கொல்லை அஞ்சலை அண்ணியையும், பாஷா பாயையும், கடைசி நாளில் ஆட்டோவை விரட்டி ஓட்டிய தம்பியையும் எங்கள் குடும்பம் மறக்காது. இன்று வந்து விளக்கேற்றிய அனைவருக்கும் நன்றி.

நினைவு நாள் முடிந்ததும் வண்டியை எடைக்குப் போடச் சொல்லி மாமா ஆள் அனுப்பியிருக்கிறார். போட மாட்டேன். கொல்லைக்கு இனி நான்தான் அதில் போகப் போகிறேன். அக்காவுக்கு ஓட்டத் தெரியும். அவரைத் தள்ளியது நான். இனி அக்கா விழுந்ததைப் பற்றி யாராவது பேசுவதாக இருந்தால், என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.