வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே நண்பர்

பரமத்தி வேலூர். கத்திரி தொடங்கி மூன்றாம் நாள், நடுப்பகல்.

காவிரி மணலில் மேடு பார்த்துக் கூடாரம் அடித்தால் காற்று வரும் என்று எங்கோ படித்திருந்தேன். காற்று வரவில்லை. உள்ளே, என்னோடு மெட்ராசிலிருந்து வந்த நண்பர் வைத்தி, ஊட்டிக் குளிர் தாங்கவில்லை என்று உளறிக் கம்பளி கேட்கிறார். உடம்பு கொதிக்கிறது, வியர்வை நின்றுவிட்டது.

வெற்றிலைத் தோட்டக்காரர் செல்லப்பன் எட்டிப் பார்க்கிறார். "ஏனுங்க சாமி, மனுசனத் துணிக்குள்ள போட்டு வேக வெக்கறீங்க?"

இருவருமாக வைத்தியைப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தூக்கிப் போகிறோம். அங்கே செருப்போடு யாரும் நுழையக்கூடாதாம். மயங்கிக் கிடப்பவரின் செருப்பையும் கழற்றிய பிறகே உள்ளே விடுகிறார். அகத்தி நிழலில், சந்தைக்குக் கட்டிவைத்த வெற்றிலைக் கட்டுகளின் வரிசையில் படுக்கவைத்து, கழுத்துவரை ஈர வாழையிலை சுற்றி, எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலத் தண்ணீர் தெளிக்கிறார்.

"பிழைப்பாரா?" என்று கேட்கிறேன்.

"வெத்தலையே மூணு நாளைக்கு வாடாதுங்க. இவரு வாடிருவாரா?"

அரை மணி கழித்து, கட்டுகளை ஏற்ற வண்டிக்காரர் வருகிறார். கடைசிக் கட்டைத் தூக்கப் போனவர், இலைக்கு வெளியே நீட்டிய கால் விரல்களைக் கண்டு திகைக்கிறார்.

"இந்தக் கட்டு எந்த ஊருக்குங்க?"

வைத்தி கண்ணைத் திறக்கிறார்.

"மெட்ராசுக்கு," என்கிறார் தெளிவாக. "இன்றைக்கே."