எந்தக் கடையிலும் கிடைக்கும் தோட்டா

இந்த நாட்டின் சிற்றூர்க் கடைகளில் துவக்குத் தோட்டா தேயிலைப் பக்கற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். அலுமாரியின் ஒரு தட்டில் ஜாம் போத்தல், அடுத்ததில் தேயிலை, அதற்கும் அடுத்ததில் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகளில் தோட்டா. மாவும் சவர்க்காரமும் வாங்க வந்தவள் போகிற போக்கில் புருஷனுக்கும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போவாள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். நானும் வாய்பிளந்துதான் நின்றேன். ஊரில் ஒரு கைப்பிடி தோட்டாவுக்காக, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்து வாங்கில் குந்தியபடி காலை முழுக்கக் காத்திருந்தவன் நான்.

என் மகள் வதனி மிருக வைத்தியர். சிட்னியில் அவளுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. பெயரைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். கடைசியில் மேற்கே, இரவு முழுக்க ரயிலில் போகவேண்டிய ஓர் ஆட்டுப்பண்ணை ஊரில், வயதான வைத்தியர் ஒருவர் உதவிக்கு எடுத்தார். கால் முறிந்த மாட்டையும் கம்பிவேலியில் கிழிபட்ட குதிரையையும் காப்பாற்ற முடியாதபோது சுட்டு முடிப்பது அங்கே வைத்தியரின் வேலை. அதற்கு அவளுக்கு ஒரு துவக்கு வேண்டும். ஆளரவமற்ற பாதையில் தனியே வான் ஓட்டித் திரியும் பிள்ளை என்ற பயமும் எனக்கு இருந்தது. சிட்னியில், எங்கள் பென்டில் ஹில் வீட்டில் படுத்துக்கொண்டு எத்தனை இரவுகள் மனதுக்குள் அந்தப் பாதையை நான் ஓட்டினேன் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

எந்தத் துவக்கு என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஊரில், வன்னிக் காட்டுப்பக்கம் நான் நீர்ப்பாசன இலாகாவில் வேலை பார்த்தபோது, பக்கத்துக் காணிக்காரரிடம் பதினாறாம் நம்பர் துவக்கு ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் செய்தது. புது நகைபோல மின்னும். இறக்குமதி நின்றதும் அதற்குரிய தோட்டா நாட்டிலேயே இல்லாமல் போயிற்று. பன்றிகள் அவருடைய வயலை உழுதுவிட்டுப் போக, அவர் துவக்கை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்தது சாதாரணப் பன்னிரண்டாம் நம்பர். அதற்குக் கச்சேரியில் கெஞ்சியாவது தோட்டா எடுக்கலாம். பிறகு அரசாங்கம் எல்லாத் துவக்கையும் ஒப்படைக்கச் சொன்னது. என் பெயர் எழுதிய அட்டையைக் கட்டிப் பொலிஸ் நிலையத்தில் வாங்கிவைத்தார்கள். திருப்பித் தரவில்லை.

அதனால்தான் சிட்னித் துவக்குக் கடையில் நான் முதலில் கேட்டது, எந்தத் தோட்டா எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பது. கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். எவ்வளவு தூரம் சுடும் என்றுதான் எல்லாரும் கேட்பார்களாம். அவன் 'ட்ரிபிள் டூ' என்ற ரகத்தைக் காட்டினான். கங்காரு சுடுகிறவர்கள் வாங்குவது அதுதான், எந்த மூலையிலும் கிடைக்கும் என்றான். ஆனால் வதனி வேறொன்றைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, இந்த டூ ஃபோர் த்ரீயை எடுப்பம். டொக்டர் வச்சிருக்கிறதும் இதுதான். அவர் சிட்னியில இருந்து பெட்டி பெட்டியா எடுப்பிக்கிறவர். நான் அவரிட்டை வாங்கலாம்."

"அந்த மனுசன் நாளைக்குப் பாயில விழுந்திட்டாரெண்டால் ஆரிட்டைப் போய் நிப்பாய்? ஊர்க் கடையில கிடக்கிற சாமானை எடு பிள்ளை."

"அப்பா..."

"பதினாறாம் நம்பர்க் கதை தெரியுமெல்லோ உனக்கு?"

அவள் அந்தத் துவக்கைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "சரியப்பா" என்றாள். நான் வென்றுவிட்டேன்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். அவள் பண்ணைக்குப் போயிருந்த நேரம், ஒரு பெட்டித் தோட்டா வாங்கி மேசையில் வைத்து அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று கடைக்கு நடந்தேன். நானும் துவக்கு அனுமதிப்பத்திரம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ட்ரிபிள் டூ ஒரு பெட்டி என்றேன். கடைக்காரன் பத்திரத்தைப் பார்க்கவில்லை. முடிந்துவிட்டது என்றான். அவன் தோளுக்குப் பின்னால் அதே பெட்டிகள் அடுக்கியிருந்தன. பார்க்கத் தவறிவிட்டான் என்று நினைத்து, உதவி செய்வதுபோல விரலால் காட்டினேன்.

பின்னால் நின்ற பண்ணைக்காரன் ஒருவன், "இஞ்ச யானை இல்லை, மேட்" என்றான். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விருந்தாளியோடு பகிடி விடுகிறார்கள் என்று எண்ணி நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பண்ணைக்காரன் ட்ரிபிள் டூ கேட்டான். கடைக்காரன் கையைப் பின்னால் நீட்டி, என்னைப் பார்த்தபடியே ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். என் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கற்றுத் தேயிலை வாங்கினேன். அதைத் தந்தான். 'தாங்க் யூ' என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

வதனி வந்ததும் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"நீங்கள் ஏன் தனியப் போனனீங்கள்?"

"பெட்டி அடுக்கிக் கிடக்குது. இல்லை எண்டிறான்!"

"எனக்கும் அப்பிடித்தான். பால் தருவான், பாண் தருவான். தோட்டா மட்டும் எப்பவும் முடிஞ்சுபோம். டொக்டர் போய்ச் சண்டை பிடிச்சவர். கறுத்த ஆக்களின்ரை கையில துவக்கு வேண்டாமாம். இந்த மண்ணின்ரை பூர்வகுடி, அபொரிஜினிச் சனத்துக்கும் குடுக்கிறதில்லை."

"சிட்னியில கடைக்குள்ள நிக்கேக்கையே இது தெரியுமோ உனக்கு?"

"ஓம். வேலைக்குச் சேர்ந்த உடனேயே டொக்டர் சொன்னவர்."

"துவக்கோடை சேர்த்துச் சிட்னியில வாங்கின தோட்டா?"

"முடிஞ்சுது. டொக்டரின்ரை தோட்டா என்ரை துவக்குக்குள்ள போகாது. போன கிழமை ஒரு பசு, முதுகு முறிஞ்சு கிடந்தது. பண்ணைக்காரன் வீட்டை போய்த் தன்ரை துவக்கை எடுத்துக்கொண்டு வருமட்டும் நான் அதின்ரை தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். வந்து என்ன சொன்னவன் தெரியுமே? உனக்குப் பூனைக்குட்டிதான் சரியெண்டு."

"அப்பவே ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா என்னை இஞ்சை விட்டிருப்பீங்களே?"

விட்டிருக்கமாட்டேன். இப்போதும், வேலையை உதறிவிட்டு வா என்று சொல்லத்தான் வாய் உன்னியது. வந்தால் எங்கே போவாள்? சிட்னியில் இடம் நிரம்பியிருக்கிறது. ஊரைப்பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தோட்டா இல்லாத நாட்டுக்குத்தான் என் மூளை பழகியிருந்தது. தட்டு நிறைய அடுக்கி வைத்துக்கொண்டு, உனக்கு இல்லை என்கிற நாட்டுக்கு என்னிடம் கணக்கு இருக்கவில்லை. புதிதாக வருகிற நம்மவர்கள், தேயிலைக்குப் பக்கத்தில் தோட்டாவைக் கண்டு என்னைப்போல வாய்பிளக்க வேண்டாம்.

இப்போது தோட்டாவைச் சிட்னிக் கடையில் நான்தான் வாங்கி வைக்கிறேன். மகள் வரும்போது கொண்டுபோவாள். அவளுக்கு நான்தான் கச்சேரி. நேற்றும் ஒரு பெட்டி வாங்கிவந்து குசினி அலுமாரித் தட்டில் வைத்தேன்.

"சாப்பாட்டுச் சாமானோடை ஏன் இதைக் கொண்டுவந்து வைக்கிறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"தேயிலைக்குப் பக்கத்திலதானே இந்த நாட்டில வைக்கிறவை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் பெயர் கட்டிய துவக்கு ஒன்று வன்னிப் பொலிஸ் நிலையத்தில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். நான் தெரிவுசெய்த துவக்கு இரவு ரயில் தூரத்தில், தோட்டாவில்லாமல் என் பிள்ளையின் வானுக்குள் கிடக்கிறது. நடுவில் இந்தக் குசினியில், எந்தத் துவக்குக்கும் எட்டாத இடத்தில், ஒரு பெட்டித் தோட்டா.