நீளம் மாறாத புடவையும் என் மகளும்

செவிலிமேட்டிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் என் மகள் யாழினி மயங்கி விழுந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். காலையில் கட்டிய சோறு அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எல்லாம் இரண்டு மாதத்துக்கு முன் என் கணவர் கைப்பேசியில் அவளுக்குப் போட்ட கணக்கால் வந்தது. பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு பொருத்திப் பார்க்கும் எண்) கூடுதல் என்று சிவப்பில் காட்டியதாம். உடனே இரவுச் சோறு நிறுத்தம். நாத்தனார் வரும்போதெல்லாம், "இன்னாடி, இன்னும் இளைக்கலியா?" என்பாள். நான் கத்தினேன். யார் காதில் விழுந்தது?

குழந்தைகள் மருத்துவர் அவளை நிற்க வைத்து உயரம் அளந்தார். "வீட்ல இன்னா உயரம் போட்டீங்க?" என்று என் கணவரைக் கேட்டார்.

"ஸ்கூல் ஐடி கார்டுல இருந்தது டாக்டர். போன வருஷத்துது."

"எடை?"

"அது அன்னிக்குப் பார்த்தது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டுப்புடவைகளைச் சரிபார்ப்பவர் அவர். புடவைக்கு நீளம் மாறாது, எடையில்தான் வித்தியாசம் வரும். பெண்ணையும் அப்படியே தராசில் மட்டும் ஏற்றியிருக்கிறார். அவளோ ஒரு வருடத்தில் மளமளவென்று வளர்ந்திருந்தாள்; பழைய உயரத்தைப் போட்டதால்தான் அந்த எண் கூடியிருக்கிறது.

"உயரம் சரியா போட்டிருந்தாலும் அந்தக் கணக்கு பெரியவங்களுக்குதாம்மா" என்றார் மருத்துவர். "வளர்ற பசங்கள வளர்ச்சி வரைபடத்துல (அதே வயதுப் பெண்கள் அல்லது ஆண்களோடு ஒப்பிடும் கோடுகள்) வச்சிதான் பாக்கணும். இந்த வயசுல எடை ஏறணும். இவளுக்கு இறங்கிக்கினு இருக்குது, மாதவிடாயும் நின்னிருக்குது. இப்படியே விட்டா வளர்த்தி நின்னுடும்."

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் எண் வந்திருந்தால், பிள்ளையின் தட்டில் கை வைக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் போங்கள்.

எடை மெஷினைப் பரண்மேல் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்தால் போதுமாம். அதுவரை காத்திருக்க எனக்கு ஏது பொறுமை? சில மாதங்களில் அவளுக்கு மாதவிடாய் திரும்பியது. சாப்பாட்டுப் பயம் லேசில் போகவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள்.

போன வாரம் சீருடை பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அன்று இரவு தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு இட்லி வைமா" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். நான் பார்த்த பார்வையில், சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டாள்.